கே.டி.எம். வந்துவிட்டதா?

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில், மதுரையின் எந்தத் தியேட்டரிலும் முதல் காட்சிக்கு முன் ஆபரேட்டரும் மேலாளரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்: கே.டி.எம். வந்துவிட்டதா? படம் முன்கூட்டியே வந்து சர்வரில் ஏறியிருக்கும். திரை தயார், கூட்டமும் தயார். ஆனாலும் படத்தைத் திறக்கும் அந்தச் சாவிக் கோப்பு வராமல் படம் ஓடாது. பைனான்சியரின் கணக்கு முடியாமல் கே.டி.எம். வெளிவரவில்லை, காலைக் காட்சி ரத்து என்ற செய்தி தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல.

அந்தச் சிறிய கோப்பு என்ன செய்கிறது? ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட டிஜிட்டல் சினிமா தரத்தின்படி, படமும் ஒலியும் 128 பிட் சாவி (128 பூஜ்ஜியம் அல்லது ஒன்றுகளால் ஆன எண்) கொண்டு ஏ.இ.எஸ். என்ற முறையில் குறியாக்கம் செய்யப்படுகின்றன; அதாவது சாவியின்றிப் பார்க்க முடியாதபடி மாற்றப்படுகின்றன. சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடவாத காரியம். சரி, சரியான சாவியைத் தியேட்டருக்கு எப்படி அனுப்புவது? ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பொதுச் சாவியும் ஒரு ரகசியச் சாவியும் உண்டு; முன்னது பூட்டியதைப் பின்னது மட்டுமே திறக்கும். படத்தின் சாவியை அந்தக் குறிப்பிட்ட சர்வரின் பொதுச் சாவியால் பூட்டி, எந்தத் தேதி எந்த நேரம் முதல் எதுவரை செல்லும் என்ற விவரத்தையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அதுதான் கே.டி.எம். (கீ டெலிவரி மெசேஜ்). அதைத் திறக்கும் ரகசியச் சாவி, சர்வருக்குள் ஒரு சில்லில் (சிப்) அடைபட்டிருக்கிறது. மூடியைக் கழற்றினால் சில்லு அந்தச் சாவியை அழித்துவிடும். ஒரு திரைக்கு வந்த கே.டி.எம்.மை எடுத்துப்போய் அடுத்த திரையின் சர்வரில் போட்டால் அது வெறும் எழுத்துக் குப்பை.

திரையில் விழுந்த ஒளியைச் செல்போனால் பதிவு செய்பவரை எந்தக் குறியாக்கமும் தடுக்காது. அதற்காகத்தான் நீர்க்குறி. படம் ஓடும்போதே சர்வர், கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாத மிக நுண்ணிய மாற்றங்களைக் காட்சியிலும் ஒலியிலும் கலந்துவிடுகிறது. மொத்தம் 35 பிட். 16 பிட்டில் நேரம், அதாவது ஆண்டின் எந்த நாளில் எந்தக் கால்மணி என்பது. மீதி 19 பிட்டில் இடம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை இதனால் தனித்தனியாக அடையாளம் சொல்லலாம். படத்தின் எந்த ஐந்து நிமிடத் துண்டை எடுத்தாலும் முழுக் குறியும் அதில் இருக்க வேண்டும் என்பது தரத்தின் நிபந்தனை. திருட்டுப் பதிப்பின் ஒரு துண்டு கிடைத்தால், எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று ஆய்வகத்தில் சொல்லிவிட முடியும்.

இந்த ஏற்பாடு ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. காரணம், சாவி இருக்கும் பெட்டி எண்ணி வைக்கப்பட்டது; ஒப்பந்தம் போட்ட வியாபாரியின் பொறுப்பில் இருப்பது. வீட்டுக்கு வரும் டிவிடி, மின்னூல், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றின் கதை வேறு. திண்டுக்கல் பூட்டு வாங்கினால் சாவி நம் இடுப்பில் இருக்கும், பூட்டு வெளியாளுக்கு. டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் பூட்டோ, காசு கொடுத்து வாங்கியவருக்கே போடப்படுகிறது. படம் ஓட வேண்டும் என்பதால் சாவியும் அவர் வீட்டுக் கருவிக்குள்ளேயே எங்கோ ஒளிந்திருந்தாக வேண்டும். பொறுமையும் திறமையும் உள்ள ஒருவர் அதைத் தேடி எடுப்பதைக் கணிதம் தடுக்காது. டிவிடியின் பூட்டுக்கு வெறும் 40 பிட் சாவி, அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். வடிவமைப்பில் இருந்த பலவீனங்களால் அவ்வளவு தேடவும் தேவைப்படவில்லை. 1999-இல் அதைத் திறக்கும் நிரல் வெளியே வந்துவிட்டது. அதில் பங்கேற்ற நார்வே சிறுவன் யோன் யோஹான்சனை அந்நாட்டு நீதிமன்றங்கள் 2003-இல் விடுவித்தன.

கணிதத்தால் முடியாததைச் சட்டத்தால் முடித்துக்கொள்ளலாம் என்று திரைத்துறையும் இசைத்துறையும் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தன. 1996-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் காப்புரிமை (காப்பிரைட்) உடன்படிக்கை. 1998-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டம். இதன் 1201-ஆம் பிரிவு, பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. உடைக்கும் கருவியைப் பரப்புவதையும் தடை செய்தது. உடைத்த பிறகு திருடினாரா, வெறுமனே பார்த்தாரா என்பது இரண்டாம்பட்சம். என் பார்வையில் பிழை இங்கேதான் தொடங்குகிறது. பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் பாதுகாப்பு ஆய்வாளரின் தொழிலே.

முதலில் மாட்டியவர்கள் நீர்க்குறியை ஆராய்ந்தவர்கள். 2000-இல் இசை நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று தன் நீர்க்குறிகளை முடிந்தால் நீக்கிக் காட்டுங்கள் என்று பகிரங்கச் சவால் விட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டன் குழு, மூலப் பாட்டையும் குறியிட்ட பாட்டையும் ஒப்பிட்டு, செவிக்கு எட்டாத எதிரொலிகளாகக் குறி ஒளிந்திருக்கும் முறையைக் கூடக் கண்டுபிடித்தது. பரிசுக்காக ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, ஒரு மாநாட்டில் கட்டுரையாக வெளியிட முனைந்தது. 2001 ஏப்ரலில் வழக்கு மிரட்டலுடன் ஒரு கடிதம் வந்தது. சவால் விட்ட தரப்பே மிரட்டிய விந்தை இது. கட்டுரை அந்த மாநாட்டிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, ஆகஸ்டில் வேறொரு மாநாட்டில்தான் வெளியானது. இடைப்பட்ட ஜூலையில், மின்னூல் பூட்டின் பலவீனம் பற்றிப் பேச லாஸ் வேகாஸ் வந்த ரஷ்ய நிரலாளர் டிமிட்ரி ஸ்க்லியாரோவ் கைது செய்யப்பட்டார். அவர் பணியாற்றிய நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு விடுவித்தது.

இவையெல்லாம் ஆய்வாளர்களின் பாடு என்று விட்டுவிடலாம். 2005-இல் நடந்தது அப்படியல்ல. சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் 50-க்கும் மேற்பட்ட இசைத் தகடுகளில், நகலெடுப்பதைத் தடுப்பதற்காக, கணினியில் போட்டால் தன்னை நிறுவிக்கொண்டு ஒளிந்துகொள்ளும் நிரல் ஒன்று இருந்தது. அது ஒளிந்த விதம் எளிமையானது. ஒரு கோப்புறையில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்று எந்த மென்பொருள் கேட்டாலும் விண்டோஸின் மையப் பகுதிதான் பதில் சொல்ல வேண்டும். இந்த நிரல் அந்தப் பதிலை இடைமறித்து, டாலர் குறிகளுக்கு நடுவே ‘சிஸ்’ என்று தொடங்கும் பெயர்களை எல்லாம் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளும் எந்த வைரஸும் இலவசமாக ஒளிந்துகொள்ளலாம். சில நாட்களிலேயே அப்படிச் சில வந்தும்விட்டன. விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் அக்டோபர் 31 அன்று இதை அம்பலப்படுத்தினார். ஃபெல்டனும் அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மனும் ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே இதைக் கவனித்திருந்தார்கள். 1201-ஆம் பிரிவை எண்ணி வழக்கறிஞர்களிடம் ஆலோசித்துக்கொண்டிருந்ததில் அந்த மாதம் போயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் தகட்டைக் கணினியில் போட்டிருப்பார்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்கு கேட்கும் வழி இருக்கிறது. 2015-இல் பாதுகாப்பு ஆய்வுக்கு விலக்கு கிடைத்தது. 2018-இல் அது விரிந்தது. அப்போதும் உடைத்துப் பார்ப்பதற்குத்தான் விலக்கு. அதற்கான கருவியை அடுத்தவருக்குக் கொடுக்க அல்ல. வாகன மென்பொருளுக்கு விலக்கு வேண்டாம் என்று 2015-இல் எதிர்த்தவர்களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில் அதே முகமைதான் ஃபோக்ஸ்வேகன் கார்களின் மென்பொருள் புகைச் சோதனையில் ஏமாற்றுவதாக அறிவித்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு அதற்கான தடயத்தைப் பிடித்தது மென்பொருளைப் படித்து அல்ல. சாலையில் ஓட்டி, புகைக்குழாயில் வந்ததை அளந்து.

இந்தியாவில் 2012 திருத்தம் காப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அபராதம். ஆனால் ‘உரிமையை மீறும் நோக்கத்துடன்’ உடைத்தால்தான் குற்றம். முறையாகப் பெற்ற பிரதியை வைத்துச் செய்யும் குறியாக்க ஆய்வுக்கும், கணினி அமைப்பின் உரிமையாளர் சம்மதத்துடன் செய்யும் பாதுகாப்புச் சோதனைக்கும் வெளிப்படையான விலக்கு உண்டு. நம் சட்டங்களைக் குறை சொல்லியே பழகிய நாம், இது அமெரிக்கச் சட்டத்தைவிட நன்றாக எழுதப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை.

திருப்பரங்குன்றம் பக்கம் படிக்கும் பொறியியல் மாணவி ஒருவர் ஒரு செட்டாப் பாக்ஸ் வாங்கி, பூட்டிய மென்பொருளைப் பிரித்து, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கடவுச்சொல் என்று கண்டுபிடிப்பதாக வைத்துக்கொள்வோம். படம் திருடும் எண்ணம் இல்லை, பெட்டியும் அவருடையது. 65ஏ அவரைத் தொடுவது கடினம். ஆனால் அந்தக் கடவுச்சொல் நிறுவனத்தின் சர்வரையும் திறக்கிறதா என்று ஒரே ஒருமுறை சோதித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு வந்து நிற்கும். உரிமையாளர் அனுமதியின்றி நுழைந்தாலே இழப்பீடு. நேர்மையற்ற எண்ணம் இருந்ததாகக் கருதப்பட்டால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை. திருட்டைத் தடுக்கும் சட்டம் விட்டுவிட்டவரை ஊடுருவலைத் தடுக்கும் சட்டம் பிடித்துக்கொள்கிறது.

அந்த மாணவி, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கலாம். அது இத்தகைய தகவல்களை ஏற்கிறது. ஆனால் தெரிவித்ததற்காக வழக்கு வராது என்று சட்டத்தில் எழுதப்படவில்லை. அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதம், நல்லெண்ண ஆய்வாளர்கள் மீது ஊடுருவல் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பதில்லை என்று கொள்கை அறிவித்தது. பெல்ஜியம் 2023-இல் சட்டமாகவே கொண்டுவந்தது: தீங்கு எண்ணம் கூடாது, தேவைக்கு மேல் நுழையக் கூடாது, உடனே தெரிவிக்க வேண்டும், அனுமதியின்றி வெளியிடக் கூடாது, இவற்றைக் கடைப்பிடித்தால் உரிமையாளரின் முன் சம்மதம் இல்லாமலும் சோதிக்கலாம். நம் 43-ஆம் பிரிவில் அதற்கு ஈடான ஒரு வரிகூட இல்லை.