இன்ஸ்டோல் பொத்தானுக்குப் பின்னால் நடக்கும் கணக்கு

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: லினக்ஸ் வழங்கலொன்று (லினக்ஸை அடியாகக் கொண்டு தொகுத்த இயங்குதளம்) பழகிய பொதி முகாமையாளரை, அதாவது மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவியை, தூக்கிவிட்டுப் புதிய வரைகலைச் செயலியைக் கொண்டுவருவது சரியா?

உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் இதைப் பலமுறை செய்துவிட்டது. 2009இல் மென்பொருள் மையம், 2016இல் க்னோம் மென்பொருள், 2023இல் ஃப்ளட்டர் என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் எழுதிய அப் சென்டர். முகப்புத்தான் மாறியது, டெப் பொதியை (உபுண்டுவின் மென்பொருள் பொட்டலம்) பிரித்து வட்டில் வைப்பது அன்றும் இன்றும் டிபிகேஜி என்ற அடிமட்டக் கருவிதான். எனவே முகப்பின் அழகை விடுங்கள். அடியில் நடக்கும் கணக்கை அது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

ஒவ்வொரு பொதியும் 'இது கணினியில் இருக்க வேண்டுமா?' என்ற ஓர் ஆம்-இல்லைக் கேள்வி. ஒரு விளையாட்டைக் கேட்கிறீர்கள். அதற்கு 32-பிட் நூலகமொன்று தேவை. பொதிகள் இறங்கிவரும் இணையக் களஞ்சியத்தில் அதன் 1.0 பதிப்பு மட்டுமே உண்டு. அதே நூலகத்தின் 64-பிட் வடிவம் உங்கள் கணினியில் 1.1. டெபியன் குடும்பத்தில் (உபுண்டுவும் இதில் அடக்கம்) இவ்விரண்டும் சேர்ந்திருக்க வேண்டுமானால் பதிப்பெண் இம்மியும் பிசகக்கூடாது. திரையில் சாளரங்களைக் காட்டும் டெஸ்க்டொப் பொதியோ 1.1க்குக் குறைந்ததை ஏற்காது. இப்போது இழுத்துப் பாருங்கள்: விளையாட்டு ஆம், 32-பிட் 1.0 ஆம், 64-பிட்டும் 1.0க்கு இறங்க வேண்டும், டெஸ்க்டொப் இல்லை. எந்தப் படியிலும் யாரும் எதையும் தெரிவு செய்யவில்லை. தர்க்கப்படி விடை பிழையற்றது. உங்கள் திரைதான் போய்விடும்.

இந்தப் புதிரின் பொதுவடிவம் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது, அதாவது எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் விரைவான வழி எதுவும் அறியப்படாதது. ஆனாலும் பல்லாயிரம் பொதிகளுக்கு நொடிகளில் விடை வருகிறது. பெரும்பாலான படிகள் மேலே கண்டதுபோலக் கட்டாயப் படிகள். ஊகிக்க வேண்டிய இடம் கொஞ்சம். ஊகம் தவறினால், தவறிய காரணத்தையே புது விதியாக எழுதிக்கொண்டு பின்வாங்குகிறது தீர்வி (புதிரைத் தீர்க்கும் நிரல்). அதே குழியில் மறுபடி விழாது. மினிசாட் என்ற சுவீடன் பல்கலைக்கழக ஆய்வுக் கருவி பயன்படுத்திய உத்தி இது. 2008இல் ஓப்பன்சூசே 11.0 என்ற லினக்ஸ் வழங்கல் இதைப் பொதிகளுக்குக் கொண்டுவந்தது. தர்க்கப் புதிருக்கு எதற்கு ஆய்வுப் பணம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பொப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். வரைகலைக் கடை மறுத்தது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலுக்குப் போய், ஏபிடி என்ற பொதி முகாமையாளர் தந்த நீண்ட எச்சரிக்கையைத் தாண்டி, அது கேட்ட சம்மத வாக்கியத்தையும் தட்டினார். டெஸ்க்டொப் போயிற்று. கடை மறுத்தது சரிதான். ஆனால் என்ன மோதுகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்பது புரியாதவர் வேறு வாசலைத்தான் தேடுவார்.

ஆகவே புதிய செயலியை மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) போட்டுச் சோதியுங்கள். நீக்கப்போகும் பொதிகளின் பட்டியலை நிறுவுமுன் காட்டுகிறதா? மைக்ரோசொப்ட் எழுத்துருப் பொதியை நிறுவுங்கள். நடுவில் உரிம ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கேட்கும். அந்தப் பெட்டியைக் காட்டத் தெரியாத செயலி நிறுவலை முடிக்காமல், காரணமும் சொல்லாமல் விடலாம். பிறகு இற்றைப்படுத்தல் பாதியில் இருக்கும்போது கணினியைச் சட்டென்று நிறுத்துங்கள். 2022இன் மின்வெட்டுகளைக் கண்ட கொழும்புக்கு இது கற்பனைச் சோதனை அல்ல. டிபிகேஜி முதலில் பிரித்து வைக்கும், பிறகு அமைக்கும். இடையில் மின்சாரம் போனால் பொதி அரைகுறையாக நிற்கும். "sudo dpkg --configure -a", பிறகு "sudo apt --fix-broken install" என்ற இரண்டு கட்டளைகள் பெரும்பாலும் போதும். நல்ல முகப்பு இதைத் தானே செய்ய முன்வரும். "பிழை ஏற்பட்டது" என்று மட்டும் சொல்வதை ஏற்க வேண்டாம்.

இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதிகளை மாற்றாமல் தடுக்க ஒரு பூட்டு உண்டு. அது குறுக்கே நின்றால் பூட்டுக் கோப்பை அழித்தால் சரியாகும் என்றொரு மூடநம்பிக்கையும் உலவுகிறது. புது வாகனச் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்பதைப் போல. தேசிக்காயால் சேதமில்லை, இதனால் உண்டு. பூட்டு அந்தக் கோப்பில் இல்லை. நிரல் ஓடும்வரை இயங்குதளத்தின் கருவான கெர்னல் அந்தப் பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. கோப்பை அழித்தால் இன்னொரு நிரல் புதுக்கோப்பை உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். இரண்டு நிரல்களும் ஒரே பொதித் தரவுத்தளத்தில் எழுதத் தொடங்கும்.