நிரம்பாத மலக்குழி நல்ல குழியா?

"எங்கட குழி 20 வருசமா நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர் திருகோணமலையில் குறைவில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டிய மலத்தாங்கி சில நாட்களிலேயே நிரம்பிவிடும். அதன்பின் எப்போதும் நிரம்பியே இருக்கும். உள்ளே வரும் அளவுக்கு வெளிக்குழாயால் நீர் போகும். மூடியைத் திறந்து பாருங்கள். நீர்மட்டம் வெளிக்குழாயின் வாய்க்குக் கீழே நின்றால் தாங்கி கசிகிறது, அல்லது அதற்கு அடித்தளமே இல்லை. கொங்கிரீட் வளையங்களை மண்ணில் இறக்கி மூடிவிட்டு அதையே தாங்கி என்பது இங்கு பழகிப்போன கதை.

பெரும்பாலான வீடுகளுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல்தான் எல்லோருக்கும் பொதுவான சாக்கடை. அதே மணலில்தான் கிணறும் இருக்கிறது.

தாங்கியின் வேலை நீரை அசையாமல் ஆறவிடுவது. கனமானவை அடியில் மண்டியாகப் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும், அதை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சு குழிக்குப் போகவேண்டும். அதற்கு ஒரு நாளாவது நீர் தங்கவேண்டும். ஐந்து பேர், ஆளுக்கு 120 இலீற்றர் என்றால் நாளுக்கு 600 இலீற்றர். மண்டி ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 இலீற்றர் சேரும் என்று கொண்டால் ஐந்து ஆண்டில் 1000 இலீற்றர். மேலாடைக்கும் இடம் விட்டால் 2000 இலீற்றருக்குக் குறைந்து கட்டக்கூடாது.

வெளிக்குழாயின் வாயில் ஆங்கில 'T' வடிவத் துண்டு ஒன்று கீழ்நோக்கி நீரில் அமிழ்ந்திருக்கும். விலை சொற்பம். அது உடைந்தால் மேலாடை நேரே உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும்; பிறகு புதுக் குழிதான் வெட்டவேண்டும். மண்டியை அளக்க, நீண்ட தடியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்குங்கள். கறுப்புக் கறை ஆழத்தின் மூன்றிலொரு பங்கைத் தொட்டால் மண்டியை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டியைக் கூப்பிடும் நேரம். எதற்காகவும் ஆளை உள்ளே இறக்கவேண்டாம். ஐதரசன் சல்பைட்டு வாயு கூடும்போது மணமே தெரியாமல் மூக்கு மரத்துப்போகும், ஆள் விழுந்துவிடுவார்.

சிக்கல் தொடங்குவது ஐப்பசி, கார்த்திகை மழையோடு. நிலத்தடி நீர் உயர்ந்து உறிஞ்சு குழியின் அடியைத் தொட்டதும், கிருமியை வடிக்க உலர்ந்த மணல் மிஞ்சாது. கிணற்றுக்கும் குழிக்கும் 15 மீற்றர், அதாவது 50 அடி, என்பது பொதுவான கணக்கு; ஈர மணலில் அதை முழுதாக நம்ப முடியாது. ஆழமான குழியைவிட, மேடாக்கிய நிலத்தில் ஆழமில்லாத அகழிதான் இவ்விடத்துக்குத் தோது. கூரைப் பீலி நீரைத் தாங்கிக்குள் விடவே கூடாது. கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; மலநீரிலிருந்து வரும் நைத்திரேற்று சாகாது, நீர் வற்ற வற்றச் செறியும். கைக்குழந்தையின் பால்மாவுக்கு அந்த நீர் ஆகாது.

மாரியில் குழி பொங்குகிறதே என்று உடனே முழுவதும் உறிஞ்சி எடுப்பதும் ஆபத்து. வெறுமையான தாங்கியைச் சுற்றியுள்ள நீர் கீழிருந்து தள்ளும். பிளாத்திக்குத் தாங்கியானால் குழாய்களைப் பிய்த்துக்கொண்டு மிதந்துவிடும். ஆவணியிலேயே எடுத்துவிட்டு, அன்றே பாதிக்குமேல் நீரை நிரப்பிவிடுங்கள்.

வளவைப் பிரித்து மகள்மாருக்குச் சீதனம் எழுதும்போது நிலம் பிரியும், குழாய் பிரியாது. இரண்டு வீட்டுக்கு ஒரே தாங்கி. காணி உறுதி எழுதும்போதே குழாய் போகும் வழி, மூடியைத் திறக்கும் உரிமை, பவுசர் கூலியில் யாருக்கு எவ்வளவு என்பவற்றையும் எழுதிவிட வேண்டும். சகலன்மார் முகம் முறிவது பெரும்பாலும் இந்தக் கூலியில்தான். இரு குழாயும் சேருமுன் ஒவ்வொரு வீட்டு எல்லையிலும் ஒரு பார்வைக் குழி கட்டுங்கள். அடைப்பு வந்தால் அதைத் திறந்தாலே விளங்கும்: கழிவு நிறைந்து நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், பொதுக் குழாயில், வெறுமையாக இருந்தால் உங்கள் வீட்டுப் பக்கம், செலவும் உங்களுடையது.