டிராஃபிக் பிரையாரிட்டி: தரவுப் போக்குவரத்து முன்னுரிமை

ஃபைபர் நெட்வொர்க் பத்தி தமிழ்ல எழுதும்போது டிராஃபிக் பிரையாரிட்டிய, அதாவது எந்த டேட்டா முன்னாடி போகணும்ங்கறத, "நெரிசல் முன்னுரிமை"ன்னு எழுதத் தோணும், ஏன்னா நம்ம பேச்சுல "ஒரே டிராஃபிக்கா இருக்கு"ன்னா வண்டி நகரலன்னு அர்த்தம். ஆனா மூலச் சொல்லுல நெரிசலே கிடையாது. இத்தாலிய டிராஃபிக்கோ பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போனப்ப அது வியாபாரம், சரக்கு கைமாறுறது அவ்ளோதான், ஆளும் வண்டியும் போறதுக்கு அந்தப் பேரு பின்னாடி வந்தது. டென்மார்க்ல எர்லாங்கற கணித நிபுணர் 1909ல போன் கால்கள் எப்படி வந்து சேருதுன்னு நிகழ்தகவுக் கணக்கு போட்டார், இன்னைக்கும் போன் டிராஃபிக்க அளக்குற அலகுக்கு அவர் பேருதான். அதனால போக்குவரத்துதான் சரி, போக்கும் வரத்தும்னு ரெண்டு திசையும் அதுலயே இருக்கு.

பிரையாரிட்டி லத்தீன் "ப்ரியோர்"ல இருந்து வந்தது, முந்தினதுன்னு அர்த்தம். தமிழ்ல முன் + உரிமை = முன்னுரிமை, தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்னு நன்னூல் சொல்றபடி ன் இரட்டிச்சிருக்கு. சில பேர் முதன்மைன்னு போடுவாங்க, எனக்கு அது ஒப்பல, முதன்மை அந்தஸ்தச் சொல்லுது, யார் முன்னாடி போறதுங்கறதச் சொல்லல. ஒளி வலையமைப்புல மேட்டரே அந்த "முன்"தான்.

சாதா ரவுட்டர்ல அவசரமில்லாத பாக்கெட்ட (டேட்டாத் துண்ட) மெமரில நிறுத்தி வெச்சுட்டு அவசரத்த முதல்ல விடலாம், ஒளிய அப்படி நிறுத்த முடியாது. ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுது, 10 ஜிகாபிட் வேகத்துல 1500 பைட் பாக்கெட் ஒண்ணு 1.2 மைக்ரோசெகண்ட் எடுக்கும், அந்த ஒரே ஒரு பாக்கெட்ட அந்த நேரத்துக்குத் தாமதிக்கணும்னாலே 240 மீட்டர் ஃபைபர் சுருள் வேணும்! அதனால முன்னுரிமைய நேரத்த வெச்சு குடுக்கறது ஒரு வழி.

வீட்டுக்கு வர்ற ஜிபான்ல, அதாவது ஒரே ஃபைபர பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கற முறைல, இதப் பாக்கலாம். ஒரு போர்ட்ட 32 இல்ல 64 வீடு பங்கு போடும், வீடுகள்ல இருந்து எக்ஸ்சேஞ்சுக்கு மேல போற மொத்த வேகம் சுமார் 1.25 ஜிகாபிட். வீட்டு மோடம் நினைச்சப்பல்லாம் ஒளிய அனுப்ப முடியாது, பாக்கெட் மோடத்தோட மெமரில மின் வடிவத்துல காத்திருக்கும், எக்ஸ்சேஞ்ச்ல இருக்கற ஓஎல்டிங்கற கருவி நேரம் ஒதுக்கினாதான் கிளம்பும். அந்த ஒதுக்கீட்டுக்கு டி-கான்ட்னு 5 வகை உண்டு, முதல் வகைக்கு கேட்டாலும் கேக்காட்டியும் நிலையான பங்கு, போன் பேச்சுக்கு ஏத்தது, நாலாவது வகைக்கு மிச்சம் இருந்தா கிடைக்கும், அவசரமில்லாத அப்லோடு மாதிரி விஷயங்களுக்கு அதுவே போதும்.

ஆப்டிகல் பர்ஸ்ட் ஸ்விட்சிங் இன்னும் அழகு. 1999ல சுன்மிங் சியாவ், மியுங்சிக் யூ ரெண்டு பேரும் முன்வெச்ச முறை இது, டேட்டாவுக்கு முன்னாடியே ஒரு சின்ன கட்டுப்பாட்டுப் பாக்கெட் போய் பாதைய புக் பண்ணிரும், கொஞ்ச நேரம் கழிச்சுதான் டேட்டா கிளம்பும். உயர்ந்த முன்னுரிமை வகுப்புக்கு இந்த இடைவெளிய நீட்டிட்டா அது மத்தவங்களுக்கு முன்னாடியே புக் பண்ணிக்கும், இடையில எங்கயும் பஃபர் (டேட்டாவ நிறுத்தி வெக்கற மெமரி) தேவையில்ல, ஆனா அதுக்கு விலையா அந்த டேட்டா கூடுதலா காத்திருக்கணும்.

கூடவே வர்ற ரெண்டு சொல்லையும் கலக்காதீங்க, கிளாஸ் ஆஃப் சர்வீஸ்னா சேவை வகுப்பு, குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்னா சேவைத் தரம். டி-கான்ட்ட மட்டும் அப்படியே விட்டுரலாம், அது ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தரநிலைல இருக்கற பேரு.