மேனர் ஹவுஸ்: மாளிகையா, அரண்மனையா?

இங்கிலாந்து வரலாற்றைத் தமிழில் எழுதுபவர்கள் ‘மேனர் ஹவுஸ்’ என்று வந்ததும் ‘மாளிகை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வீடு பெரியது என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது. அந்த வீட்டைச் சுற்றி இருந்த நிலமும் அதிகாரமும் காணாமல் போய்விடுகின்றன.

மூலச்சொல் லத்தீன் ‘மனேரே’. தங்குதல், இருத்தல் என்று பொருள். பிரெஞ்சில் ‘மனுவார்’ ஆகி, 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு அங்கே வந்து சேர்ந்தது. திருவல்லிக்கேணியில் பேச்சிலர்கள் வாடகைக்கு இருக்கிறார்களே, அந்த ‘மேன்ஷன்’கூட இதே வேரில் பிறந்ததுதான். நம்முடைய ‘மனை’யும் இதிலிருந்து வந்ததோ என்று சிலருக்குத் தோன்றும். இல்லை. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்; மனை நம் சொந்தச் சொல்.

முதலில் ‘மேனர்’ என்றால் வீடே அல்ல, ஒரு நிலவுடைமை. பிரபு தனக்கென்று வைத்துக்கொண்ட வயல், குடியானவர்கள் உழுத வயல், மேய்ச்சல் நிலம், சில்லறை வழக்குகளைத் தீர்க்கும் மன்றம் எல்லாம் அதில் அடக்கம். அதன் நடுவே பிரபு இருந்த வீடுதான் மேனர் ஹவுஸ். ‘பண்ணை’ இதற்கு ஓரளவு பக்கத்தில் வரும். ‘ஜமீன்’ என்றால் அதிகாரத்தின் வாடையும் சேர்ந்துவரும். ஆனால் நமக்கு அது வரிவசூலோடு ஒட்டிய சொல்லாகிவிட்டது.

அரண் உள்ள மேனர் ஹவுஸுக்கு நல்ல உதாரணம் பர்மிங்ஹாம் நகரின் தென்மேற்கில் இருக்கிறது. பெயர் வீலி காசில். பெயரில் கோட்டை இருந்தாலும் அது மேனர் ஹவுஸ்தான். 1264இல் ரோஜர் டி சோமரி என்ற பிரபு, மூன்றாம் ஹென்றி மன்னரிடம் ‘கிரெனலேட்’ செய்ய அனுமதி வாங்கினார். மதிலுக்கு மேல் பல் வரிசை மாதிரி இடைவெளி விட்டுக் கட்டுவதுதான் அது. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை: சங்கப் பாடல்களில் மதிலோடும் அகழியோடும் வருகிற ‘ஞாயில்’ இருக்கிறது. அனுமதி வாங்கியவர்கள் எல்லோரும் எதிரிக்குப் பயந்து வாங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். ‘எனக்கும் ஞாயில் உண்டு’ என்று காட்டிக்கொள்கிற பெருமைக்காகவும் பலர் வாங்கினார்கள்.

இன்று அங்கே மிஞ்சியிருப்பது மணற்கல் சுவர்களின் அடிப்பகுதியும் அகழிப் பள்ளமும்தான். 1960-61 அகழாய்வில் 13ஆம் நூற்றாண்டின் மரக்கட்டடம் ஒன்று வெளிப்பட்டது; ஈரமண் பலகைகளை மக்காமல் காப்பாற்றியிருந்தது. சுற்றிலும் 1930களில் மாநகராட்சி கட்டிய வீடுகள். அந்தக் குடியிருப்புக்கும் வீலி காசில் என்றே பெயர். அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் எடுப்பவர் கோட்டையைத் தேடாததுபோல, அங்கே பஸ் ஏறுபவரும் இடிபாட்டை நினைத்து ஏறுவதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அரண்மனை’ அப்படியே பொருந்தும்: அரண் உள்ள மனை. ஜமீன்தார் வீட்டையும் நம் ஊர்களில் அரண்மனை என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் பொதுவாக வாசிப்பவருக்கு ராஜாதான் நினைவுக்கு வருவார். இங்கே ராஜா அனுமதி கொடுத்தவர், குடியிருந்தவர் அல்ல. அதனால் வெறும் மேனர் ஹவுஸுக்குப் ‘பண்ணை மாளிகை’, மதிலும் அகழியும் இருந்தால் ‘அரண்சூழ் பண்ணை மாளிகை’ என்பது என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான். முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் ‘மாளிகை’ என்றாலே போதும்.

ஒரே ஒரு இடத்தில் இது உதவாது. லண்டன் பேச்சுவழக்கில் போலீஸ்காரரும் ரவுடியும் ‘என் மேனர்’ என்பார்கள். அங்கே மாளிகையும் இல்லை, பண்ணையும் இல்லை. தாம் புழங்குகிற வட்டாரத்தைச் சொல்கிறார்கள். அதற்கு ‘நம்ம ஏரியா’ என்று எழுதுவதுதான் சரி.