செட்டில்மென்ட்: குடியேற்றமா, படிவா, இறக்கமா?

திருகோணமலையில் "குடியேற்றம்" என்றால் யாருக்கும் கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்கள்தான் நினைவுக்கு வரும். காணியோடும் சனத்தொகையோடும் தலைமுறைகளாகப் பேசப்பட்டு வரும் சொல் அது. நிலம் கீழே இறங்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் "செட்டில்மென்ட்"டுக்கு அந்தச் சொல்லைக் கொண்டுபோய், களிமண்ணில் கட்டும் மண் தாங்கு மதிலின் அளவீட்டு அறிக்கையில் "குடியேற்றக் கண்காணிப்பு", "குடியேற்றப் புள்ளி" என்று போடுகிறார்கள். ஒருமுறை என்றால் தட்டச்சுப் பிழை என்று விடலாம். திரும்பத் திரும்ப வருகிறது. மதிலுக்குப் பின்னால் வீடு உள்ளவர் அதை வாசித்தால், தன் காணியில் யாரையோ கொண்டுவந்து இருத்தப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார். அறிக்கை சொல்ல வந்ததோ, அவருடைய வீட்டு மூலை கீழே போகிறது என்பதை.

ஆங்கிலச் "செட்டில்" பழைய ஆங்கிலத்தில் இருக்கையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆள் ஓரிடத்தில் அமர்வதற்கும் நிலம் கீழே அமர்வதற்கும் அங்கே ஒரே சொல். தமிழில் அப்படியில்லை. அதோடு குடி + ஏற்றம் என்று பிரித்துப் பாருங்கள்: கீழே போவதைச் சொல்லவேண்டிய இடத்தில் "ஏற்றம்" நிற்கிறது.

"படிவு" என்பதை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. துறை தெரிந்தவர்களே அதை எழுதுகிறார்கள். தூசி படிகிறது, கசடு படிகிறது, ஆகவே மண்ணும் படிகிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் படிவது என்றால் வேறெங்கிருந்தோ வந்து மேலே சேர்வது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் படிவு. மூதூர் விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. படிவு கூடினால் தரைமட்டம் உயரும். நாம் அளப்பதோ மட்டம் குறைவதை. "ஐந்தாம் புள்ளியில் படிவு 12 மி.மீ." என்று எழுதினால், 12 மி.மீ. மண் வந்து சேர்ந்தது என்றுதான் பொருள்படும். திசையே தலைகீழாகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உண்மையான படிவு அதே மதிலில் இருக்கிறது. மதிலின் வடிதுளைகளுக்குப் பின்னால் சல்லியும் வடிதுணியும் சரியாகப் போடாவிட்டால், நுண்மண் படிந்து துளை அடைபடும். மாரி மழையில் பின்னால் நீர் தேங்கி மதிலைத் தள்ளும், மதில் வெளியே சாயும், பின்னிலம் இறங்கும். "வடிதுளையில் படிவு, அதனால் நிலத்தில் படிவு" என்று எழுதினால் காரணம் எது, விளைவு எது?

தனித்தமிழ் விரும்புவோர் "அமிழ்வு" என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் அமிழ்வது நீருக்குள். களியில் சுமை ஏறியதும் அதை முதலில் தாங்குவது மண்ணின் நுண்துளைகளில் உள்ள நீர். அந்த நீர் மெல்ல மெல்ல வெளியேற, மண்துணிக்கைகள் நெருங்கி நிலம் இறங்குகிறது. மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் நடப்பது. மண் பொறியியலாளர் டெர்சாகி 1925இல் கணித்துக் காட்டியதும் இதைத்தான். நீர் வெளியேறுவதால் நடப்பதற்கு நீரில் மூழ்குவதைச் சொல்லும் பெயர் வேண்டாம்.

"அத்திவாரம் இறங்கிட்டு" என்று மேசன்மார் சொல்கிறார்கள். சொல் அங்கேயே இருக்கிறது: இறக்கம். சாலைச் சரிவையும் அது குறிக்குமே என்றால், "நில இறக்கம்" என்று எழுதினால் தீர்ந்தது. சொந்தக்காரச் சொற்களும் தாமாக வந்து சேரும்: வீட்டின் ஒரு மூலை கூடவும் மறு மூலை குறையவும் இறங்கினால் சமனற்ற இறக்கம், அகழ்ந்த பக்கத்தில் சுமை குறைந்து அடிநிலம் மேலே வந்தால் எழும்பல், மதில் வெளியே போவது பக்க நகர்வு.

இம்மூன்றும் சேர்த்தே வாசிக்கவேண்டியவை. நீர் நிறைந்த களியின் கனவளவு உடனே மாறாது. மதில் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவுக்குப் பின்னிலம் இறங்கும். மென்களியில் அகழ்வின் ஆழத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு தூரம்வரை, விறைத்த களியில் மூன்று மடங்குவரை இது எட்டும். 6 மீற்றர் வெட்டினால் 12 முதல் 18 மீற்றர். ஒப்பீட்டு மட்டக்கல், அதாவது மற்றப் புள்ளிகளின் மட்டத்தை ஒப்பிட உதவும் அசையாத கல், அதற்கு அப்பால் இருக்கவேண்டும். கச்சான் காற்று வீசும் வறட்சியில் சுருங்கி மாரியில் வீங்கும் மேற்களிக்குக் கீழே ஊன்றவும் வேண்டும். தாரில் அடித்த ஆணி தாரின் இறக்கத்தைத்தான் காட்டும். வெட்டத் தொடங்குமுன் குறைந்தது மூன்று தடவை மட்டம் எடுக்காவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவது? முதல் வாசிப்பைக் கச்சான் முடிவில் எடுத்துவிட்டு மாரியில் ஒப்பிட்டால், களியின் வீக்கம் உண்மையான இறக்கத்தை மறைத்துவிடும்.

மதிலருகே உள்ள மூலை 12 மி.மீ., 5 மீற்றர் தள்ளிய மூலை 2 மி.மீ. இறங்கினால், வித்தியாசம் 10 மி.மீ., அதாவது இடைத்தூரத்தில் 1/500. சுவரில் முதல் வெடிப்புகள் 1/300 அளவில் எதிர்பார்க்கப்படுகின்றன. வீட்டுக்காரருக்கு வேண்டியது இந்தக் கணக்கு. அதை "குடியேற்றம்" என்ற தலைப்பின் கீழ் புதைத்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பவர் பக்கத்து நிரலில் மி.மீ. என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருந்தாலே கை நின்றிருக்கும். மட்டக்கோல் பிடிப்பவரிடம் கேட்டிருந்தால், இறங்கிட்டுது என்று அவரே சொல்லியிருப்பார்.