ஐ.எஸ்.வி. – மென்பொருள் தனிநிறுவனம்: சொல் விளக்கம்

கணினித் துறையின் ஒப்பந்தங்களிலும் கூட்டாளர் திட்டங்களிலும் அடிக்கடி வரும் சுருக்கம் ஐ.எஸ்.வி. விரித்தால் ‘இன்டிபென்டன்ட் சாஃப்ட்வேர் வெண்டார்’. மென்பொருளைத் தானே எழுதி, அதன் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பல வாடிக்கையாளர்களுக்கு உரிமம் விற்கும் நிறுவனம் இது. அந்த மென்பொருள் ஓடும் கணினியோ இயங்குதளமோ மேகத்தளமோ (இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) அதனுடையது அல்ல. ‘இன்டிபென்டன்ட்’ என்பது இதைத்தான் குறிக்கிறது: தளத்தின் உடைமையாளர் வேறு, மென்பொருளை ஆக்குபவர் வேறு. ஆப்பிளின் மேக் கணினிக்கு எக்ஸல் எழுதும்போது மைக்ரோசாஃப்ட்டும் ஐ.எஸ்.வி.தான், விண்டோஸில் அது தள உடைமையாளர்.

1960களில் இப்படியொரு தொழிலுக்கு இடம் மிகக் குறைவு. ஐ.பி.எம். கணினியை வாடகைக்குக் கொடுத்தது. நிரல்கள், பயிற்சி, பொறியாளர் உதவி எல்லாம் அந்த வாடகைக்குள் அடக்கம். பாய்வுப்படம் வரையும் ‘ஆட்டோஃப்ளோ’ நிரலை விற்கப் போன அப்ளைடு டேட்டா ரிசர்ச் நிறுவனம், ஐ.பி.எம். இலவசமாகத் தந்த நிரலோடு மோத வேண்டியிருந்தது. இன்ஃபர்மேட்டிக்ஸ் நிறுவனம் 1967இல் ‘மார்க் 4’ என்ற கோப்பு மேலாண்மை மென்பொருளுக்கு 30,000 டாலர் விலை வைத்தது. நிரலுக்கு அவ்வளவு பணமா என்று பலரும் வியந்த காலம் அது. 1969 ஜனவரியில் அமெரிக்க அரசு ஐ.பி.எம். மீது ஏகபோகத் தடை வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று, மென்பொருளுக்கும் சேவைக்கும் தனி விலை வைக்கப்போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. 1970 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. இயங்குதளம் அப்போதும் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. ஆனாலும் பயன்பாட்டு மென்பொருளுக்கென்று ஒரு சந்தை திறந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில், ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. என்ற வணிக மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் எல்லாவற்றையும் ‘ஐ.டி. கம்பெனி’ என்றே சொல்லிவிடுகிறோம். இதனால் இரு வேறு தொழில்கள் ஒன்றாகிவிடுகின்றன. வாடிக்கையாளர் கேட்டதை எழுதிக் கொடுத்து, உழைத்த மணிநேரத்துக்குக் கூலி வாங்குவது சேவை நிறுவனம். அங்கே நிரலின் உரிமை பெரும்பாலும் வாடிக்கையாளருக்குப் போய்விடும். ஒரு நிறுவனம் எந்த வகை என்று அறிய அதன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். மூலநிரலின் (நிரலாளர் எழுதிய வடிவத்தின்) பதிப்புரிமை யாருக்கு? பிழை வந்தால் திருத்தும் கடமை யாருக்கு? அதே நிரலை இன்னொருவருக்கு விற்கலாமா? மூன்றுக்கும் அந்த நிறுவனத்தின் பக்கமே விடை இருந்தால் அது ஐ.எஸ்.வி. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டும் இருப்பதும் உண்டு: இன்ஃபோசிஸ் சேவை நிறுவனம், அதன் ஃபினக்கிள் வங்கி மென்பொருளோ ஐ.எஸ்.வி. முறையில் உரிமம் விற்கும் பொருள்.

ஐ.எஸ்.வி. வகைகளைச் சந்தையை வைத்துப் பிரிப்பதே பயன் தரும்.

பொதுச் சந்தை நிறுவனம் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளும். 1986இல் தொடங்கிய பெங்களூரு டேலி கணக்கு மென்பொருள் நல்ல எடுத்துக்காட்டு. விலை குறைவு, வாங்குவோர் எண்ணிக்கை மிகப் பெரிது. ஆகவே நேரடியாக விற்றுக் கட்டுப்படியாகாது, ஊருக்கு ஊர் முகவர் வேண்டும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததுபோல் சட்டம் மாறினால், அத்தனை வாடிக்கையாளருக்கும் ஒரே நாளில் புதிய பதிப்பு தேவைப்படும். இங்கே சறுக்கல் பெரும்பாலும் நிரலில் வருவதில்லை. அதை நிறுவித் தரவும் சொல்லிக் கொடுக்கவும் முகவரிடம் ஆள் போதாமல் வருகிறது.

துறைச் சந்தை நிறுவனம் ஒரே தொழிலுக்குள் ஆழமாக இறங்கும். விமானப் பராமரிப்புக்கு மென்பொருள் தரும் சென்னை ராம்கோ சிஸ்டம்ஸ் அப்படிச் செய்கிறது. கொழும்பில் 1996இல் தொடங்கிய மில்லேனியம் ஐ.டி. இன்னும் குறுகிய சந்தையைப் பிடித்தது: பங்குச் சந்தைகளுக்கான வர்த்தக மென்பொருள். உலகம் முழுவதையும் சேர்த்தாலும் வாடிக்கையாளர்களை எண்ணிவிடலாம். ஒரு விற்பனை முடியவே மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும்; கிடைத்த வாடிக்கையாளர் எளிதில் போகமாட்டார். வருமானத்தின் நிலையான பகுதி பராமரிப்புக் கட்டணம். பெருநிறுவன மென்பொருளில் அது உரிம விலையில் ஆண்டுக்கு 18 முதல் 22 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். சிறிய நிறுவனம் மூடிவிட்டால் என்ன செய்வது என்று வாங்குபவர் அஞ்சுவது நியாயமே. அதற்காக மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்துவைக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் சேரும். ஒப்படைத்த நிரல் பழைய பதிப்பாக இருந்தாலோ, அதை ஓடும் நிரலாகத் தொகுக்கும் குறிப்புகள் உடன் இல்லாவிட்டாலோ அந்தப் பிரிவால் பயனில்லை. மில்லேனியம் ஐ.டி.யை 2009இல் லண்டன் பங்குச் சந்தையே வாங்கிவிட்டது. 2011இல் லண்டன் வர்த்தகம் அந்தக் கொழும்பு மென்பொருளுக்கு மாறியது.

மூன்றாவது வகை, பிறர் பொருளுக்குள் புதைந்து விற்பது. அச்சிடும் பக்கத்தை விவரிக்கும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் 1985இல் ஆப்பிள் லேசர்ரைட்டர் அச்சுப்பொறிக்குள் வந்தது. விற்பனைச் செலவு சொற்பம், ஆனால் வருமானம் சில பெரிய கைகளில் சிக்கியிருக்கும். 1989இல் ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் அடோபிக்குப் போட்டியாக எழுத்துரு நுட்பத்தில் கைகோத்ததும், அதுவரை மறைத்துவைத்திருந்த டைப் 1 எழுத்துரு விவரக்குறிப்பை அடோபி மறு ஆண்டே வெளியிட்டது. 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனமும் வலைப்பின்னல் கருவி செய்பவர்களுக்கு மேலாண்மை மென்பொருள் விற்றது. 2000ஐ ஒட்டிய இணையச் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் வீழ்ந்தபோது, மேனேஜ்எஞ்சின், பின்னர் ஸோஹோ என்ற மென்பொருள் வரிசைகளைக் கட்டி நேரடி விற்பனைக்கு நகர்ந்தது. 2009இல் தன் பெயரையே ஸோஹோ என்று மாற்றிக்கொண்டது.

ஓரிருவர் நடத்தும் குறு ஐ.எஸ்.வி.க்களும் உண்டு. இன்று அவர்களின் கடைத்தெரு செயலிக் கடைகள்தான். ஆப்பிளின் செயலிக் கடை 2008இல் 30 விழுக்காடு தரகோடு திறந்தது; ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருப்போருக்கு 2021இலிருந்து 15 விழுக்காடு.

எல்லா வகைக்கும் பொதுவான ஆபத்து தளத்திலிருந்து வருகிறது. வட்டில் இடத்தைச் சுருக்கித் தந்த ஸ்டாக் நிறுவனத்தின் மென்பொருளைப் போன்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 1993இல் தன் டாஸ் 6 இயங்குதளத்துக்குள்ளேயே சேர்த்தது. ஸ்டாக் தொடுத்த காப்புரிமை வழக்கில் நடுவர் குழு மைக்ரோசாஃப்ட்டுக்கு 12 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மருந்துத் துறைக்கு மென்பொருள் தரும் வீவா, சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் மேகத்தளத்தின்மேல் வளர்ந்தது. அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் சொந்தத் தளத்துக்கு மாறப்போவதாக 2022இல் அறிவித்தது.

இந்த ஆபத்தை நினைத்தால் தமிழ்ச் சொல்லைத் தேர்வதும் எளிதாகிறது. ‘சார்பற்ற’, ‘தற்சார்பு’ இரண்டும் பொருந்தா. இந்நிறுவனங்கள் தளத்தைச் சார்ந்தே வாழ்கின்றன. ‘தனியார்’ என்றால் அரசு அல்லாதது என்ற வேறு பொருள் வந்துவிடும். தேர்தலில் பழகிய ‘சுயேச்சை’ பொருளளவில் நெருக்கமானது, ஆனால் வடசொல். ‘தனி மென்பொருள் நிறுவனம்’ என்று எழுதினால் ‘தனி’ மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும். எனவே ‘மென்பொருள் தனிநிறுவனம்’ என்று வரிசை மாற்றி எழுதுவதே என் பரிந்துரை. ‘வெண்டார்’ விற்றல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதை ‘விற்பனையாளர்’ என்று பெயர்த்தால் ஆக்கியவர் மறைந்து முகவர் முன்னே வருகிறார். சிலர் எழுதும் ‘விற்பன்னர்’ முற்றிலும் பிழை. அது புலமை மிக்கவரைக் குறிக்கும் சொல். முகவருக்கு ‘மறுவிற்பனையாளர்’, பல நிறுவனங்களின் மென்பொருள்களை இணைத்து ஓட்டிக் கொடுப்பவருக்கு ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று தனிச்சொற்கள் இருக்கின்றன.