சர்க்கரை, ஆஸ்துமா இருந்தால் போலீஸ் வேலைக்குப் போகலாமா? மருத்துவத் தகுதி விதிகள்

ஈரோடு வ.உ.சி. மைதானத்துக்கு விடியற்காலையில் போனால் காவலர் தேர்வுக்காக ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். என் அக்கா மகனும் அதில் ஒருவன். அவனுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். பதினான்கு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறான். போன வருடம் ஒரு நாள் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, "மாமா, ஊசி போடறவனைப் போலீஸ்ல எடுப்பாங்களா?" என்று கேட்டான். அவன் படித்த பயிற்சி மையத்தில், "அதைப்பத்தி வாயே திறக்காதே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிலால் ஒரு பையனின் இரண்டு வருடம் வீணாகலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம். அதனால்தான் விதிகளைத் தேடிப் படித்தேன்.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே பொதுத் தேர்வை சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் உயரம், மார்பளவும் பார்க்கிறார்கள். பிறகு ஓட்டம்: ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள், பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள். அதற்கு அப்புறம் கயிறு, தாண்டுதல் போன்ற உடல்திறன் போட்டிகள். இத்தனையும் தாண்டித் தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு இந்த வரிசைதான் பெரிய சிக்கல். கடைசியில் வருகிற பரிசோதனையை அவர்கள் முதலிலேயே தாங்களாகச் செய்து பார்த்துவிட வேண்டும்.

அரசு வேலையில் சேர்வதற்கான மருத்துவச் சான்றிதழின் வழக்கமான படிவத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தொற்றுநோயோ வேறு நோயோ, உடல் பலவீனமோ குறைபாடோ இவரிடம் இல்லை என்று மருத்துவர் எழுதும் இடத்தில், 'இது தவிர' என்று ஒரு கோடிட்ட இடம் விட்டிருப்பார்கள். அதற்கு அடுத்த வரியில், இதை இந்த அலுவலக வேலைக்குத் தகுதிக்குறைவாகக் கருதவில்லை என்று இருக்கும். நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்த நோய் இந்த வேலைக்குத் தடையா என்பது வேறு கேள்வி என்று அந்தப் படிவமே பிரித்து வைத்திருக்கிறது. எழுத்தர் வேலைக்கு அந்தக் கோடிட்ட இடத்தில் 'சர்க்கரை நோய், மருந்தில் கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதிக்கொண்டே தகுதி கொடுக்க முடியும். சீருடை வேலைக்கு அளவுகோல் கடுமையானது.

எவ்வளவு கடுமை என்பது நோயைப் பொறுத்தது. நிறக்குருடும் மாறுகண்ணும் தகுதியிழப்பு. நிறக்குருடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, அதற்குச் சிகிச்சை கிடையாது. புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்கும் இஷிஹாரா அட்டைச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கண் பிரிவிலோ பெருந்துறை, கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலோ பார்த்துக்கொள்ளலாம். ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். குடலிறக்கம், விரைவீக்கம், கால் நரம்புச் சுருட்டு இவையெல்லாம் வேறு ரகம். அறுவை சிகிச்சையில் சரியாகக் கூடியவை. ஆனால் புண் ஆறி, உடம்பு தேறிப் பழையபடி ஓட மாதங்கள் ஆகும். அறிவிப்பு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் நேரம் போதாது.

சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற மத்தியப் படைகளுக்குப் போக நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். துடியலூர் பக்கம் குருடம்பாளையத்தில் சி.ஆர்.பி.எஃப். பயிற்சிக் கல்லூரி இருப்பதால் நம் பகுதியில் பல பிள்ளைகளுக்கு அந்தக் கனவு உண்டு. அங்கே உள்துறை அமைச்சகம் 2015-ல் வெளியிட்ட தனி மருத்துவ வழிகாட்டுதல் பின்பற்றப்படுகிறது. அதன்படி சர்க்கரை நோய், ஆஸ்துமா, வலிப்பு இருந்தால் தகுதியில்லை. தட்டைப் பாதம், முட்டி தட்டுதல், கால் நரம்புச் சுருட்டு இருந்தாலும் தகுதியில்லை. தகுதியில்லை என்று சொல்லப்பட்டவருக்கு மறு மருத்துவப் பரிசோதனை உண்டு. அதன் முடிவே இறுதி.

ஆக, என் அக்கா மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: இன்சுலின் போடுகிறவன் சீருடைக் காவலராகத் தேர்வாகும் வாய்ப்பை நம்பி வருடங்களைச் செலவழிக்காதே. சொல்லும்போது எனக்கு மனசு கனத்தது. அவன் ஓட்டம் மற்றவர்களுக்குச் சளைத்தது இல்லை.

மறைத்துவிட்டால் என்ன? ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆஸ்துமாவும் வலிப்பும் அன்றைய பரிசோதனையில் தப்பிக்கலாம்; பயிற்சியில் தப்பிக்காது. கோவை பி.ஆர்.எஸ். (காவலர் பயிற்சிப் பள்ளி) மைதானத்தில் சித்திரை வெயிலில் அணிவகுப்பு நடக்கும்போது இன்சுலின் போட்ட ஒருவருக்குச் சர்க்கரை இறங்கினால், உடனிருப்பவர்களுக்கு நோய் தெரிந்திருந்தால்தான் காப்பாற்ற முடியும். உண்மையை மறைத்தது பிறகு தெரிந்தால் தகுதிகாண் பருவத்திலேயே வேலை போகும் என்பதும் இருக்கிறது.

தாளவாடி, பர்கூர், ஆனைகட்டி மலைகளிலிருந்து வரும் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகைக்குப் பரிசோதனையை அவசியம் செய்துகொள்ளுங்கள். அந்த மரபணு பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் நோய் இல்லை, அதைத் தாங்கி இருப்பது மட்டும்தான். 'இருக்கிறது' என்ற ஒரு வார்த்தையை வைத்து யாராவது நோயாளி என்று எழுதினால், எந்த வகை என்று சான்றிதழில் தெளிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். தாங்கி இருப்பவர்களும் கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் எல்லை மீறி ஓடக் கூடாது.

இனி சட்டம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரிவாள் செல் நோய், தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் அதில் உண்டு. சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு அதில் இல்லை. அதனால் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டை இந்த நோய்களுக்காகக் கேட்க முடியாது. சட்டத்தின் 20-வது பிரிவு வேலையில் பாகுபாடு கூடாது என்று சொல்லிவிட்டு, பணியின் தன்மையைப் பார்த்து விலக்கு அளிக்கவும் அரசுக்கு இடம் கொடுக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு துணை ராணுவப் படைகளின் படைவீரர் பணிகளுக்கு இப்படித்தான் விலக்கு அளித்தது.

அதே பிரிவில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்; அப்படி இடம் இல்லையென்றால் இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். பணியில் காயம்பட்டுக் காலை இழந்த குணால் சிங் என்ற காவலர், இதற்கு முந்தைய 1995 சட்டத்தின் கீழ் 2003-ல் உச்ச நீதிமன்றத்தில் இந்த உரிமையைப் பெற்றார். மனநோய் இருந்த சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர் மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கையையும் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பாகுபாடு என்று சொன்னது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை என்றாலும், சேர்ந்த பிறகு அவை வந்தவர்கள் பயந்து ஒளிக்காமல் இருப்பதே நல்லது. மருந்தும் விடுப்பும் எழுத்தில் இருந்தால் பிற்பாடு உதவும்.

எச்.ஐ.வி.க்குத் தனிச் சட்டமே உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, வேலை கொடுக்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

சரி, பரிசோதனையில் தகுதியில்லை என்று வந்து, அது தவறு என்று உங்களுக்குத் தோன்றினால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்களைச் சோதித்த அரசு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் சொந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். இன்னொரு அரசு மருத்துவமனையில் அதே துறை நிபுணரிடம் உடனே பரிசோதித்துச் சான்று வாங்குங்கள். அதை வைத்து மறு பரிசோதனை கேட்டு விண்ணப்பிக்கலாம். மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசின் முடிவை எதிர்த்துப் போடும் மனு. மருத்துவக் குழுவின் கருத்தை நீதிமன்றம் எளிதில் மாற்றாது. ஆனால் இரண்டு அரசு மருத்துவர்களின் அறிக்கைகள் முரண்பட்டால், வேறொரு குழு பார்க்கட்டும் என்று உத்தரவிட வாய்ப்பு உண்டு. தாமதித்தால் காலியிடமெல்லாம் நிரம்பிவிடும். ஈரோடு, கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். கரூர்காரர்களுக்கு மதுரைக் கிளை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், தொலைபேசி எண் 15100.

காவல் துறைக்குள்ளேயே சீருடை இல்லாத வேலைகளும் இருக்கின்றன. எஸ்.பி. அலுவலகத்து இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாகப் போகலாம். அறிவியல் படித்தவர்களுக்குத் தடய அறிவியல் துறை இருக்கிறது. கோவையிலும் சேலத்திலும் அதன் வட்டார ஆய்வகங்கள் உள்ளன. சட்டம் படித்தால் அரசு உதவி வழக்கறிஞர் தேர்வு. இவற்றில் ஓட்டமும் மார்பளவும் கிடையாது.

அக்கா மகன் இப்போது வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். தடய அறிவியல் பணிக்கான தகுதிகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மைதானத்துக்குப் போவதை அவன் விடவில்லை. பையில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருக்கிறான், கூட ஓடும் இரண்டு பேருக்கு அது எதற்கு என்று சொல்லியும் வைத்திருக்கிறான்.